வரிசை மாறிய வேற்றுமை

கல்லூரி முதல்வர் அறையின் கதவு சுள்ளியின் மூக்குக்கு ஒரு விரற்கடை தள்ளி அறைந்து சாத்தப்பட்டது.

"கதவு நல்ல மரம் அண்ணி," என்றான் சோடா. "உதைச்சா கால்தான் போகும்."

"உதைக்கப் போறேன்னு யார் சொன்னது?"

"காலைத் தூக்கியிருக்கீங்களே."

சுள்ளி காலைக் கீழே வைத்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. சீக்கிரம் பற்றிக்கொள்வாள், சடசடவென்று எரிவாள், பக்கத்தில் இருப்பவருக்கும் சூடு படும். பக்கத்தில் எப்போதும் இருப்பவன் அவள் கணவனின் தம்பி. மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்து ஊரே அவனைச் சோடா என்று கூப்பிட்டது. உதவியாளன் என்று அவன் சொல்லிக்கொள்வான். உபத்திரவம் என்று அவள் சொல்லுவாள்.

வெளியே போகச் சொன்னதற்காக அவளுக்குக் கோபம் இல்லை. தொழிலில் அது தினப்படி. "குத்தம் சாட்டப்பட்ட வாத்தியாரே வாயைத் திறக்கலை, உங்களுக்கு என்னம்மா வந்தது?" என்று முதல்வர் சிரித்துக்கொண்டே கேட்டாரே, அந்தச் சிரிப்புதான் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறவன் சிரிக்காமலாவது இருக்க வேண்டும்.

வழக்கு அன்று காலையில்தான் வந்தது. கல்லூரிக்கு எதிரே இருக்கும் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் அம்மாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுள்ளியின் அலுவலகத்துக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்காராமலே கத்தினாள். அவள் கணவர் இந்தக் கல்லூரியின் லத்தீன் வாத்தியார். இங்கே மருத்துவம், சட்டம், தாவரவியல் எதைப் படிக்கப் போனாலும் முதல் ஆண்டில் லத்தீன் தேறியாக வேண்டும். கடைசித் தேர்வு வாய்மொழி. ஒரே ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அதன் பிறப்பைச் சொல்லி, எல்லா வேற்றுமையிலும் அது எப்படி உருமாறுகிறது என்று ஒப்பிக்க வேண்டும். எந்தச் சொல் என்பது வாத்தியாருக்கும் தலைமைத் தேர்வாளருக்கும் மட்டுமே முன்கூட்டித் தெரியும்.

இந்த முறை சொல் 'ஆக்கெர்'. ஒரு பெயரடை. கூர்மையான, காரமான, உக்கிரமான என்று பொருள். முன்பு இரண்டு தடவை தோற்றுப்போன ஒரு பெண் வந்து நின்று, அதை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டாள். அவள் வாத்தியார் மனைவியின் அண்ணன் மகள் என்பது தெரிந்ததும் கேட்கவா வேண்டும்? 'யார் சொல்லிக்கொடுத்தது?' என்று பெண்ணைக் கேட்டார்கள், பதில் இல்லை. வாத்தியாரைக் கேட்டார்கள், அவரும் வாய் திறக்கவில்லை. இன்று நான்கு மணிக்குக் கூடி அவரை வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். கேள்வியை விற்ற வாத்தியார் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கல்லூரியும் அவரை வாசற்படி மிதிக்க விடாது.

"அந்தத் தேர்வாளர்தான் செஞ்சிருப்பான்," என்று மருந்துக்கார அம்மாள் மேசையைத் தட்டியிருந்தாள். "ரெண்டு பேருக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் இல்லைன்னா அவன். இதுல என்ன பெரிய கணக்கு? இந்த மனுஷனோ கல்லு மாதிரி உக்காந்திருக்கார். அவருக்கும் சேர்த்து நீங்க பேசுங்க!"

சுள்ளிக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அதனால்தான் வழக்கை எடுத்தாள்.

"இப்ப எங்க அண்ணி?"

"பொண்ணுகிட்ட."

லத்தீன் வகுப்பறை மாடியில் இருந்தது. பெண் தனியாக, மேசை இழுப்பறையிலிருந்த தன் புத்தகங்களை எடுத்துப் பைக்குள் எறிந்துகொண்டிருந்தாள். அவளையும் வெளியே அனுப்பப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டவணை தொங்கியது. வாத்தியார் தன் கையால் எழுதியது. மாதிரிக்கு எடுத்திருந்த சொல் வேறு. வேற்றுமைகள் மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு வரிசையில் இருந்தன.

"யாரும் என்கிட்ட பேச வேண்டாம்," என்றாள் பெண், திரும்பாமலே.

"பேச வரலைம்மா," என்றாள் சுள்ளி. "ரெண்டு தடவை கோட்டை விட்டவளாச்சே, மூணாவது தடவை எந்தக் கையில எழுதி வெச்சுப் படிச்சேன்னு பார்க்க வந்தேன்."

பெண் திரும்பினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எழுதி வெச்சா? நான் மனப்பாடமா சொன்னேன்!"

"கிளிப்பிள்ளையும் சொல்லும், ஒரு நாளைக்கு. இப்பச் சொல்லு பார்ப்போம்."

"எதுக்குச் சொல்லணும்?"

"வராதுன்னு சொல்லிட்டுப் போ. அதுக்கும் நான் கை தட்டுறேன்."

பெண் பையைத் தரையில் போட்டாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுள்ளியின் கண்ணைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். கூர்மையைக் குறிக்கும் பழைய வேர் ஒன்று; ஊசிக்கும் கத்தி முனைக்கும் புளிப்புக்கும் லத்தீனில் சொல் தந்தது அதுதான்; நாம் ஆசிட் என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அதே வேரில் பிறந்தது ஆக்கெர். பிறகு ஆண்பால் ஒருமை.

"ஆக்கெர், ஆக்ரிஸ், ஆக்ரீ, ஆக்ரெம், ஆக்கெர், ஆக்ரீ!"

அதே வேகத்தில் பெண்பால், இரண்டும் அல்லாத பால், பன்மை என்று போய்க்கொண்டே இருந்தாள். கடைசிச் சொல் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, சோடாவின் காலை மிதித்துவிட்டு வெளியேறினாள்.

"ஆசிட்டேதான்," என்றான் சோடா, காலைத் தேய்த்துக்கொண்டு. "பாவம் அண்ணி. நல்லாத்தான் படிச்சிருக்கு."

சுள்ளி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோடா, உன் கண்ணாடி எதுக்கு இருக்கு? இதைப் படி. முதல் வரிசை என்ன?"

"எழுவாய். அதாவது முதல் வேற்றுமை."

"ரெண்டாவது?"

"விளி. கூப்பிடறது. மூணாவது, 'ஐ' உருபு வருமே, அது. நாலாவது 'உடைய'. அஞ்சாவது 'கு'. ஆறாவது 'ஆல்'. நம்ம ஊரு வரிசையே இல்லை அண்ணி இது."

"பக்கத்துல இந்த வாரச் சொல்லையும் யாரோ பென்சில்ல எழுதியிருக்காங்க பாரு, தேர்வு முடிஞ்சப்புறம். படி."

"ஆக்கெர், ஆக்கெர், ஆக்ரெம், ஆக்ரிஸ், ஆக்ரீ, ஆக்ரீ." சோடா நிறுத்தினான். "இவ வேற மாதிரில்ல சொன்னா? ரெண்டாவதாவே ஆக்ரிஸ்னு போயிட்டா."

"நாலாவதா வர வேண்டியதை ரெண்டாவதாச் சொன்னா."

"அப்ப தப்பா?"

"தப்பா இருந்தா தேற விட்டிருப்பாங்களா? உருவம் எல்லாம் சரி. வரிசைதான் வேற. நீ வாய்ப்பாட்டை எப்படி மனப்பாடம் பண்ணினியோ அப்படித்தானே சாகுற வரைக்கும் சொல்லுவ? இதுவும் அப்படித்தான். இந்தச் சுவரைப் பார்த்துப் படிச்சவ இப்படிச் சொல்ல மாட்டா. வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தா இந்தச் சுவர்தான் அவ வாயில வந்திருக்கும். அவளைத் தயார் பண்ணினது வேற வரிசைக்காரன்."

"தேர்வாளர்!"

"வெளியூர்லேர்ந்து வர்றவர்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? வா. இன்னைக்கு அந்தாளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கணும்."

தலைமைத் தேர்வாளர் விருந்தினர் அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான்கு மணிக் கூட்டத்துக்கு மடிப்புக் கலையாமல் போய் ஒருவரின் கழுத்தை அறுக்க வேண்டுமல்லவா என்று நினைத்தபோது சுள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வணக்கம் சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை.

"உங்களுக்கு ஆக்கெர் முழுசா ஒப்பிக்க வராதாமே? பொண்ணுங்க பேசிக்கிறாங்க."

இஸ்திரிப்பெட்டி நின்றது. "யார் நீங்க?"

"வருமா, வராதா?"

"நான் முப்பது வருஷமா..." அவர் முகம் சிவந்தது. "எந்தப் பொண்ணு சொன்னா? கூப்பிடுங்க அவளை! ஆக்கெர், ஆக்கெர், ஆக்ரெம், ஆக்ரிஸ், ஆக்ரீ, ஆக்ரீ! இன்னும் வேணுமா? பன்மை வேணுமா?"

சுள்ளியின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரில் இருந்த அதே வரிசை. ஒரு சொல்கூட மாறவில்லை.

"இந்த... இந்த வரிசையிலதான் எப்பவும் சொல்லுவீங்களா?"

"வேற எப்படிச் சொல்லுவாங்க? நானும் இந்தக் கல்லூரியில படிச்சவன்தான். வாத்தியாரும் நானும் ஒரே பெஞ்சு. இங்க படிச்ச எல்லாருக்கும் இதுதான் வாயில வரும்."

"அந்தப் பொண்ணு வேற மாதிரி சொன்னாளே. நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன். அது மருந்துப் பள்ளி வரிசை. ஆத்துக்கு அந்தப் பக்கம் மருந்து தயாரிக்கிறவங்க படிக்கிற பள்ளி இருக்கே, அங்க இன்னும் பழைய வரிசையைத்தான் வெச்சிருக்காங்க. என் பெஞ்சுக்காரன்தான் ஏதோ பழைய புஸ்தகத்தைக் கொடுத்து நெட்டுரு போடச் சொல்லியிருப்பான்னு நினைச்சேன். வரிசைக்கு நாங்க மதிப்பெண் குறைக்கிறதில்லை." அவர் சட்டையை உதறினார். "என்கிட்ட எதுக்கு இந்த விசாரணை? அவன்தான் குத்தவாளி. நான் கண்ணால பார்த்தேன். அவ ரெண்டாவது சொல்லைச் சொன்னதுமே அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. பேனாவை மூடி வெச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். குத்தமுள்ள நெஞ்சு இல்லாம வேற என்னவாம்?"

சோடா வாயைத் திறந்தான். சுள்ளி அவன் கையை அழுத்திப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அப்படியே படிக்கட்டில் இறங்கினாள்.

"அண்ணி, கை."

"என்ன?"

"அது என் கை. விட்டீங்கன்னா ரத்தம் ஓடும்."

விட்டாள். அவளுக்கு இப்போது வந்த கோபம் வேறு ஜாதி. மற்றவர் மேல் வருகிற கோபம் கத்தினால் தீரும். ஏமாந்துபோனோம் என்று தன் மேலேயே வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"மருந்துப் பள்ளி," என்றாள். "நமக்குத் தெரிஞ்சவங்கள்ல மருந்து படிச்சவங்க யாருடா?"

சோடாவின் சிரிப்பு அணைந்தது. "ஐயோ அண்ணி. நம்மளைக் கூப்பிட்டதே அவங்கதானே?"

மருந்தகத்தின் கம்பி ஜன்னலுக்கு முன்னால் நீளமாக வரிசை நின்றது. மருந்துக்கார அம்மாள் உள்ளே தட்டில் மாத்திரைகளைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். சுள்ளியைப் பார்த்ததும் கை நிற்காமலே கேட்டாள்.

"மாட்டினானா?"

"மாட்டியாச்சு. பக்கக் கதவைத் திறங்க."

உள்ளே மருந்து வாசனை நெடியடித்தது. அலமாரி முழுக்கப் பீங்கான் ஜாடிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் லத்தீன் எழுத்து. காலையில் இந்த இடத்துக்கு வந்து பார்த்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டியதில்லை என்று சுள்ளி பல்லைக் கடித்தாள்.

"குளிக்கும்போது பாடுறவங்க உண்டு," என்றாள். "உங்க வீட்டுக்காரர் என்ன செய்வார்?"

அம்மாளின் கை நின்றது.

"நானே சொல்றேன். கேள்வி எடுத்துட்டார்னா அதைத் தனக்குத்தானே ஒப்பிச்சுப் பார்ப்பார். எல்லா வாத்தியாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். உங்க காதுல விழுந்திருக்கும். விழுந்ததை உங்களுக்குத் தெரிஞ்ச வரிசையில அண்ணன் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. பழி அவர் தலையில விழுந்ததும், ஒரு பாவமும் அறியாத அந்தத் தேர்வாளர் தலையை உருட்ட என்னை ஏவி விட்டீங்க. யார் காதுல பூ சுத்துறீங்க?"

மறுப்பாள் என்று சுள்ளி எதிர்பார்த்தாள். அம்மாள் மறுக்கவில்லை. தட்டை மேசையில் ஓங்கி வைத்தாள்; மாத்திரைகள் தெறித்தன.

"ஆமா, சொல்லிக்கொடுத்தேன்! சவரம் பண்ணிக்கிட்டே சொல்லிட்டு இருந்தார், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். என்ன இப்ப? ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணைத் தோக்கடிச்சது யாரு தெரியுமா? இவர்! மத்த பிள்ளைங்க தடுமாறினா எடுத்துக்கொடுப்பார். எங்க அண்ணன் பொண்ணு ஒரு இடத்துல தடுமாறினா அப்படியே உக்கார வெச்சுடுவார். சொந்தக்காரிக்குச் சலுகைன்னு யாரும் சொல்லிடக் கூடாதாம்! இவர் நியாயஸ்தன்னு பேர் வாங்க எங்க வீட்டுப் பொண்ணா கிடைச்சா?"

"அதை அவர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன்! கல்லுகிட்ட கேட்ட மாதிரிதான். இப்பவும் பாருங்க, நான் சொல்லிக்கொடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அதுதானே நிஜம்? நாக்கு தேய்ஞ்சா போயிடும்? அவர் வாயைத் திறந்திருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட வந்து நிக்கிறேன்? என்ன மனுஷன் இவர்!"

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்கள். சுள்ளிக்கு இவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்த வசவுகள் தொண்டை வரை வந்தன. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தப் பொண்ணு ரெண்டாவது சொல்லைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போச்சாம். முழுசா ஒப்பிச்சு முடிச்சப்புறம் இல்லை. ரெண்டாவது சொல்லுலயே. அந்த நேரத்துல அவ தேறுவாளா தோப்பாளான்னுகூட யாருக்கும் தெரியாது. ஆக்கெர்னு சொல்ல வேண்டிய இடத்துல அவ ஆக்ரிஸ்னு சொன்னா. அது யாரோட வரிசைன்னு அந்த அறையில அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லிக்கொடுக்கலைன்னு அவர் சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? பின்னே வீட்டுல வேற யாருன்னு வரும். அதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கார்."

மருந்துக்கார அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவள் முகத்தில் வந்தது அழுகை இல்லை. முன்னைவிடப் பெரிய கோபம்.

"என்னைக் கேக்காம," என்றாள். "என்னைக் காப்பாத்த இவர் யாரு, என்னைக் கேக்காம!"

பக்கத்து மேசைக்காரரிடம் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் சாலையைக் கடந்த வேகத்தில், சுள்ளியும் சோடாவும் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

முதல்வர் அறைக் கதவைத் தட்டுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தள்ளினாள். முதல்வரும் தேர்வாளரும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒல்லியாக, சவரம் செய்யாத முகத்துடன் வாத்தியார் எதிரே நின்றார். மனைவியைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான்தான் அந்தப் பொண்ணுக்குச்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றார் வாத்தியார். இத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது. "எழுதிக்கங்க. நான்தான்."

"பொய்!" என்று மனைவி கத்தினாள். "அந்த வரிசை இவருக்கு வராது. சொல்லச் சொல்லிப் பாருங்க!"

முதல்வர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தேர்வாளரின் நெற்றி சுருங்கியது. அவருக்கு ஏதோ விளங்க ஆரம்பித்திருந்தது.

"சொல்லு," என்றார் பழைய பெஞ்சுத் தோழனிடம். "அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி. நிறுத்தாம."

வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"ஆக்கெர்," என்றார். ஒரு மூச்சு எடுத்தார். "ஆக்ரிஸ். ஆக்ரீ..."

சரியாகத்தான் போனது. மனைவி கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தாள்.

"...ஆக்ரீ," என்றார் வாத்தியார்.

அவருடைய நாக்கு, முப்பது வருடம் ஓடிய தடத்திலேயே ஓடிவிட்டது. ஆக்ரெம் வர வேண்டிய இடம் அது. அவருக்கே தெரிந்தது. திரும்ப ஆரம்பித்தார், திரும்ப அதே இடத்தில் வழுக்கினார். மூன்றாவது முறை வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

முதல்வர் நீக்கல் உத்தரவை எடுத்து, இரண்டாகக் கிழித்தார். மருந்துக்கார அம்மாளுக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "நீங்க உக்காருங்கம்மா, உங்ககிட்டதான் பேசணும்," என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் வேறு சொல்லோடு வேறு நாள் தேர்வுக்கு வரட்டும் என்றார் தேர்வாளர், யாரையும் பார்க்காமல்.

அம்மாள் உட்காரவில்லை. கணவருக்கு எதிரே போய் நின்றாள்.

"பத்தொம்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்து, என் வரிசையை ஒரு தடவை ஒழுங்காச் சொல்லத் தெரியலை," என்றாள். குரல் உடைந்தது. கோபம் மட்டும் உடையவில்லை. "பொய் சொல்லவாவது துப்பு இருக்கா உங்களுக்கு?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லத்தான் வரலை," என்றார். "கேட்டா தெரியுது."